மூச்சும் நிகழ்காலமும்

காலம் மூன்றென்பது இலக்கணம் பயிலத் தொடங்கும் சிறாரும் அறிந்ததே. ஆயினும் அவற்றுள் நிகழ்காலம் யாதென வினவின், விடை கூறுதல் எளிதன்று. சென்ற நொடி இறப்பாயிற்று. வரும் நொடி எதிர்வு. இடையே நிற்பது யாது? தொல்காப்பியத்திற்கு உரை கண்டோர் இதற்கு நுட்பமானதொரு விடை தந்துள்ளனர். ஒரு தொழில் தொடங்கி இன்னும் முற்றுப்பெறாதிருக்கும் நிலையே நிகழ்வு என்பது அவர் கருத்து.

இதற்கு நம்மிடத்தே எப்பொழுதும் உள்ள சான்று மூச்சே. நெல்லையும் பொருளையும் நாளைக்கெனச் சேமித்து வைக்கலாம். நாளை வேண்டும் மூச்சை இன்றே இழுத்து வைத்தல் யார்க்கும் இயலாது.

பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் 118-ஆம் சூத்திரம் ‘ஆனாபானசதி’ என்னும் மூச்சுணர்வுப் பயிற்சியை 16 படிகளாக வகுக்கின்றது. அதன் தொடக்கம் மிக எளியது: நெடுமூச்சை நெடிதென்றும் குறுமூச்சைக் குறிதென்றும் அறிதல். நெடிலையும் குறிலையும் மாத்திரையாற் பகுத்தறியும் தமிழ் மாணவர்க்கு இது புதிய வேலையன்று. திருமந்திரம் கூறும் பிராணாயாமமோ வேறு. ஆண்டு இழுத்தற்கு 16, நிறுத்தற்கு 64, விடுதற்கு 32 எனக் கணக்குண்டு. அது மூச்சை ஆளுதல். இது மூச்சை அதன் போக்கில் விட்டு நோக்குதல். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, மூச்சடக்கி முகஞ் சிவப்பாரும் உளர்!

நிமிர்ந்தமர்ந்து, மூக்கின் வாயிலில் காற்றுப் படும் இடத்தைக் கருதுக. உட்செல்வது சற்றே குளிர்ந்தும், வெளிவருவது வெதும்பியும் இருத்தல் புலப்படும். நான்கைந்து மூச்சிற்குள் மனம் தேர்வுக்கோ விடுதிச் சோற்றுக்கோ ஓடிவிடும். ஓடிற்றென்று அறிந்த அக்கணமே அது திரும்பிவிட்டது. ஆதலின் அதனைக் கடிதல் வேண்டா. அடுத்த மூச்சை நோக்குதலே போதும்.

தமிழ் பயில்வார்க்கு இதனாற் பயன் யாதெனின், கூறுதும். தொல்காப்பியத்துப் பிறப்பியல் எழுத்தொலியை உந்தியினின்று எழுங் காற்றாகவே கொள்கின்றது. எனவே செய்யுளை வாய்விட்டு ஓதுவோன் மூச்சினாலேயே ஓதுகின்றான். நம்மிற் பலரோ குறுந்தொகையைக் கையிலெடுக்கும்பொழுதே வினாத்தாளைக் கண்முன் காண்கின்றனர். திணையும் துறையும் கூற்றும் குறித்துக்கொண்டு, பாட்டைக் கேளாமலே மூன்றாண்டுகளையும் கழித்துவிடுகின்றனர். ஆசிரியர் ஓரடியை ஓதிச் சற்றே நிறுத்துங்கால் வகுப்பில் எழுதுகோல்கள் விரைகின்றன. அவ்விடைவெளியில், ஒரு மூச்சளவேனும் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார்க்கு அகவலின் ஓசை செவியிற் படும். அடி முடிந்தும் பாட்டு முடியாது நிற்கும் அந்நிலையும் விளங்கும்.