ஓடும் மிஷினும் உடனிருப்போரும்



ஆங் மோ கியோவில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஆணி, பூட்டு, டிரில் மிஷின் முதலிய சாமான்களை நாம் விற்று வருகிறோம். கடைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்கு முதற்பாடம், கத்தியைக் கொடுக்கும்போது பிடி வாங்குபவர் பக்கம் இருக்கவேண்டும் என்பதே. இரும்பறுக்கும் மிஷினில் தகட்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுழலும் டிரில்லுக்கருகே கையுறை ஆகாது. கையைக் காக்கத் தைத்த உறையையே அது சுற்றி இழுத்துவிடும். சமயமறியாத உபகாரமும் அத்தகையதே. மிஷின் ஓடும்போது பையனைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் முதலாளியை என்னென்பது!

1978 அக்டோபர் 12-ந் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டனர். இரும்பை வெட்டும் காஸ் கருவியின் பொறி, எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்ததால் சேர்ந்திருந்த ஆவியில் பற்றியது. கருவி பிடித்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், தொட்டிக்குள் இருப்பதை அவருக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-ல் வந்தது. 2011 செப்டம்பர் முதல் நம்போன்ற சிறு கடைகளையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் “தெரியாது” என்னும் பையனை நகைப்போர் நம்மவரில் இன்றும் உண்டு. நகைக்கப்பட்டவன் மறுமுறை கேட்கமாட்டான். கேளாமலே சுவிட்சைப் போடுவான். ஆகவே நம் கடையில் மூத்த சிப்பந்தி, “தம்பி, எனக்கொரு முறை செய்து காட்டு” என்று கேட்டு அருகில் நிற்கிறார். பையன் தவறினால், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பேச்சு.