பருந்துக் கணக்கும் ஊராட்சிப் பணியும்

வீட்டு வரிக்குக் கணக்கு உண்டு. கால்நடைக்குக் கணக்கு உண்டு. ஏரியில் நிற்கும் நீருக்கும் அளவு உண்டு. ஊருக்கு மேலே பறந்து செல்லும் பருந்துக்கும் கழுகுக்கும் ஒரு கணக்கு வேண்டுமென்றால், "அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை கூறுவதும், கணக்கெடுக்கும் முறையை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலசையும் மலைமுகடும்

குளிர்காலத்தில் வட ஆசிய நிலங்கள் பனியால் மூடப்படும்போது பறவைகளுக்கு இரை கிடைப்பது அரிதாகிறது. ஆதலின் பருந்து, கழுகு இனங்களுட் பல ஐப்பசியை ஒட்டித் தெற்கே வந்து, மாசி, பங்குனி மாதங்களில் வடக்கே திரும்புகின்றன. இதனையே வலசை என்கிறோம்.

பெரிய சிறகுடைய பறவை இடைவிடாது சிறகடித்து நெடுந்தூரம் செல்லுமாயின், அதன் வலிமை விரைவில் குன்றிவிடும். எனவே அது காற்றின் துணையை நாடுகிறது. வெயிலால் சூடேறிய தரையிலிருந்து மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின்பு விரித்த சிறகுடன் சறுக்கியவாறே முன்னேறுகிறது. மலைத்தொடரில் மோதும் காற்றும் மேல்நோக்கித் திரும்புவதால், பறவைகள் முகட்டையே தம் வழியாகக் கொள்ளுகின்றன. முகட்டில் அமர்ந்திருப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலாவை ஒட்டிய மலைச்சரிவில் கழுகுகள் இவ்வாறு எண்ணப்பட்டுள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்து இளவேனிலில் திரும்பும் பறவைகளை இஸ்ரேல் நாட்டின் ஈலாத் மலைகளில் எண்ணுகின்றனர்.

எண்ணிக்கை காட்டிய உண்மை

இத்தகைய கணக்கின் பயனுக்கு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஹாக் மலை நல்ல சான்றாகும். அம்மலையைக் கடக்கும் பருந்துகளை வேட்டைக்காரர்கள் கூட்டங்கூட்டமாகச் சுட்டு வீழ்த்தி வந்தனர். 1934ஆம் ஆண்டில் ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார் அவ்விடத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரூன் என்பவரைக் காவலராக அமர்த்தினார். அவர் இலையுதிர் காலந்தோறும் அம்முகட்டிலிருந்து பறவைகளை எண்ணி எழுதி வந்தார். இளம்பறவை எது, முதிர்ந்தது எது என்பதையும் பிரித்தெழுதினார்.

1935 முதல் 1939 வரை அங்குக் காணப்பட்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20ஆகக் குறைந்தது. 1957ஆம் ஆண்டிலோ 32 முதிர்ந்த பறவைகளுக்கு ஓர் இளம்பறவையே தென்பட்டது. பெற்றோர் உயிரோடிருந்தும் குஞ்சுகள் வளரவில்லை என்பதே இதன் பொருள். பூச்சிமருந்தாகத் தெளிக்கப்பட்ட டி.டி.டி. நீரிலும் மீனிலும் சேர்ந்து, அம்மீனை உண்ட கழுகின் முட்டையோட்டை மெலியச் செய்தது பின்னர்த் தெளிவாயிற்று. ராச்சேல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில் இக்கணக்கை எடுத்துக்காட்டினார். அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 1989இல் வேளாண்மையில் அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டது.

நம் நாட்டுப் பாறுக் கழுகுகளின் வரலாறும் இத்தகையதே. இராஜஸ்தானில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் பூங்காவில் 1980களிலேயே அவற்றை எண்ணி வைத்திருந்தனர். ஆதலால் 1990களில் அவை பெரிதும் குறைந்தன என்பதை ஐயமின்றிக் காட்ட முடிந்தது. மாடுகளுக்கு வலி தீர்க்கப் போடப்படும் டைக்ளோபினாக் மருந்தே காரணம் என்பது 2004இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. அம்மருந்து ஏறிய மாடு இறந்தபின் அதன் இறைச்சியை உண்ட கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மடிந்தன. கால்நடைக்கான டைக்ளோபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. பழைய கணக்கு இல்லாதிருப்பின், "கழுகு வேறெங்கோ போயிற்று" என்று கூறி வாளாவிருந்திருப்போம்.

கோவிலம்பாக்கத்தில் காண்பது

சென்னைக்குத் தெற்கே கோவிலம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். வயல்கள் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்துவிட்ட ஊர் அது. எனினும் அருகே நன்மங்கலம் காப்புக்காட்டின் பாறைமேடு இருக்கிறது. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் விரிந்து கிடக்கிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் மிகைநீர் சென்று சேருமிடம் அச்சதுப்பே. அங்கு 1,247 ஹெக்டேர் பரப்பு 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இமயமலையிற்போல் இங்குக் கழுகுகள் அணிவகுத்துச் செல்லும் என எதிர்பார்த்தலாகாது. குளிர்காலத்தைச் சதுப்பில் கழித்துவிட்டுப் புறப்படும் சில இனங்களையே இங்கு எண்ண வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து சிறகைச் சற்றே மேல்தூக்கிக் கோரைக்கு மேல் தாழப் பறக்கும். வெண்வயிறுடைய விராலடிப்பான் நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். பிளவுபட்ட வாலுடைய கரும்பருந்தும், வெண்தலையும் செம்மேனியும் உடைய கருடனும் ஆண்டு முழுவதும் இங்குத் தென்படுவன. அவற்றைத் தனியே எழுத வேண்டும். கோரை அழிந்து மீனும் குறையுமாயின், பூனைப்பருந்தும் விராலடிப்பானும் குறையும். ஆகவே இப்பறவைக் கணக்கு நம் ஏரிநீரின் நலத்தைக் காட்டும் கணக்குமாகும்.

எண்ணும் முறை

1. இடம் ஒன்றே இருத்தல் வேண்டும். உயரமான ஏரிக்கரையும் ஏற்றதே. காப்புக்காட்டினுள் செல்வதாயின் வனத்துறையின் அனுமதி பெறுதல் அவசியம்.

2. மார்ச் முதல் ஏப்ரல் முடிய, வாரம் ஒரு நாள், காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை எண்ணலாம். ஆண்டுதோறும் இதே நேரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

3. இருவர் வானத்தைப் பார்க்க, ஒருவர் எழுதுதல் நன்று. தொலைநோக்கி ஒன்று போதும். அதைக்கொண்டு சூரியனை நோக்கலாகாது.

4. எதிரே ஒரு பனையையோ கோபுரத்தையோ எல்லையாகக் கொண்டு, அதனைக் கடந்து வடக்கே செல்லும் பறவையை மட்டும் வலசைக் கணக்கிற் சேர்க்க வேண்டும். அங்கேயே வட்டமிடும் பறவையை மீண்டும் மீண்டும் எண்ணுதல் கூடாது.

5. காற்றின் திசை, மேகம், மழை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். இனம் விளங்காவிடில் "இனம் தெரியாத பருந்து" என எழுதுக. ஊகித்துப் பெயரிடல் வேண்டா.

6. ஒரு பறவையும் வராத நாளில் சுழியம் எழுதுதல் வேண்டும். வெற்றிடமாக விட்டால், பறவை வரவில்லையா, எண்ணுபவர் வரவில்லையா என்பது பின்னால் விளங்காது.

ஊராட்சி செய்யத்தக்கது

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002இன்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் ஆயத்தம் செய்ய வேண்டும். பருந்துக் கணக்கை எழுதிவைக்க அதுவே தக்க இடம். பள்ளி ஆசிரியரும் மாணவரும் உடனிருந்தால் பணி தடைப்படாது நடைபெறும்.

உழவர் பெருமக்களுக்கும் இதில் பங்கு உண்டு. கருந்தோள் பருந்தும் கூகையும் வயலெலிகளைத் தின்று பயிரைக் காப்பவை. நஞ்சுண்ட எலியைத் தின்றால் அவையும் மடியக்கூடும். ஆதலின் எலிநஞ்சை அளவறிந்து கையாள்வதும், செத்த எலிகளைப் புதைத்துவிடுவதும் இன்றியமையாதன. மாட்டுக்கு வலிமருந்து வேண்டுமாயின் கால்நடை மருத்துவரையே நாடுக. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் கிடைக்கிறது.

ஓராண்டுக் கணக்கைக் கொண்டு எம்முடிவுக்கும் வருதல் இயலாது. பத்தாண்டுக் கணக்கு கையிலிருந்தால், சதுப்பில் குப்பை கொட்டவோ ஏரியின் வாய்க்காலை அடைக்கவோ எவரேனும் முற்படும்போது, கிராம சபையில் அதனை எடுத்து வைத்துப் பேசலாம். அந்தப் பத்தாண்டின் முதற்பக்கத்தை வரும் மாசியிலேயே எழுதத் தொடங்குவோமாக.