மின்னால் நூற்கும் நூல்

நூல் என்னுஞ் சொற்கு இருபொருள் உண்மையைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். புலவன் இயற்றுவதும் நூல். கதிரால் நூற்பதும் நூல். பவணந்தியார் தம் நன்னூலில் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். யாம் ஈண்டு ஆராயப் புகுந்ததோ மூன்றாவதொரு நூல். அதற்குப் பஞ்சில்லை; கதிரில்லை; முறுக்குங் கையுமில்லை. திரவமொன்றுக்கு மின்னூட்டி இழுத்துவிடின், அது காற்றிடையே தானே இழையாகின்றது. மயிரிழையின் குறுக்களவை முந்நூறு கூறிட்டால் ஒரு கூறு எத்துணை நுண்ணிதோ, ஏறத்தாழ அத்துணை நுண்ணிது அவ்விழை. இம்முறையை மின்நூற்பு என்பர்.

செய்முறை எளியது. சிறு மூலக்கூறுகள் பல கோவையாகப் பிணைந்த நெடுஞ்சங்கிலிகளையுடைய பொருளுக்குப் பாலிமர் என்று பெயர். அதனைத் தக்கதொரு திரவத்திற் கரைத்து, ஊசிக்குழலில் இட்டு, மெல்லத் தள்ளுவர். ஊசிக்குப் பெரும்பாலும் 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தரப்படும். எதிரே 10 அல்லது 20 சென்டிமீட்டர் தொலைவில் ஓர் உலோகத்தகடு நிற்கும். சிறிது நேரத்தில் தகட்டின்மேல் வெண்படலமொன்று படியும். மின்னை நிறுத்தியபின் அதனைத் துணிபோல் உரித்தெடுக்கலாம்.

ஊசிமுனையில் நிகழ்வதை இனி நோக்குவோம். பரப்பு இழுவிசை, தொங்குந் துளியை உருண்டையாக்க முயலும். மின்னூட்டங்களோ ஒன்றையொன்று தள்ளிப் புறம்போக முயலும். மின்விசை மிஞ்சியவுடன் துளி கூம்பாக நீண்டு, அதன் நுனியினின்று மெல்லிய தாரையொன்று பாயும். இக்கூம்பு நேற்றுக் கண்டதன்று. அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைத் தேய்த்து நீர்த்துளியின் அருகே கொணர, துளி கூம்பாய் எழுந்ததைக் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1600-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார். ஒரு துளி எவ்வளவு மின்னூட்டந் தாங்கும் என்பதை ரேலி பிரபு 1882-இல் கணக்கிட்டார். ஜி. ஐ. டெய்லர் 1964-இல், கூம்பின் அச்சுக்கும் பக்கத்துக்கும் இடைப்பட்ட கோணம் 49.3 பாகை எனக் கணித்தார். கூம்பும் அவர் பெயரையே பெற்றது.

திரவம் வெறும் நீராயின் தாரை சிதறித் திவலைகளாகும். அதுவும் பயனுடையதே, அத்திவலைகளைக் கொண்டு பெரிய மூலக்கூறுகளை நிறுத்தறியும் முறை கண்ட ஜான் ஃபென் 2002-இல் நோபெல் பரிசு பெற்றார். பாலிமர்க் கரைசலிலோ நெடுஞ்சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடத்தலின் தாரை அறாது நீளும்.

இனி யாம் பெரிதும் வியந்த பகுதிக்கு வருவோம். தாரை சிறிது தூரம் நேரே செல்லும். அதன்பின் துடைப்பம் விரிந்தாற்போலத் தோன்றும். ஒரு தாரை பல இழைகளாகப் பிளவுண்டதென்றே நெடுங்காலம் கருதினர். கண் அவ்வாறுதான் காட்டியது. தகட்டில் விழும் இழைகளின் நுண்மைக்கும் அஃதொரு காரணமாகப் பொருந்திற்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவில் ஏக்ரன் பல்கலைக்கழகத்து ரெனெகரும் அவருடன் உழைத்தோரும், வினாடிக்கு ஆயிரக்கணக்கான படம் பிடிக்குங் கருவியால் அவ்விடத்தை ஆராய்ந்தனர். ஆங்கு விளங்கியது ஒரே இழை! சுழற்றுங் கொள்ளி வட்டமாய்த் தோன்றுமாறு போல, சாட்டையெனச் சுழலும் ஓரிழையே பலவாகத் தோன்றியது.

இழை ஏன் சுழல வேண்டும்? அதன் நெடுக மின்னூட்டம் பரவியுள்ளது. ஓரிடம் மயிரளவு பக்கத்தே விலகினும், இருபுறத்து மின்னூட்டங்களும் அதனைப் பின்னும் வெளியே தள்ளும். வளைவு பெருகிச் சுருளாகும். சுருளினுள்ளும் சிறு சுருள் தோன்றும். தேனை உயரத்தினின்று வார்த்தால் அதுவும் சுருளுமே எனின், அது வேறு. தேன் அடியிலே தடையுண்டு மடங்குகின்றது. இவ்விழை நடுவெளியில் இழுபட்டே சுருள்கின்றது. சுருளுந்தோறும் நீள்கின்றது; நீளுந்தோறும் மெலிகின்றது; இதனிடையே கரைதிரவம் ஆவியாகிப் போக, இழை உறைகின்றது. ஊசிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாண் அளவே உளதாயினும், இழை கடக்கும் வழி அதனினும் மிக நெடிது.

பிளவோ சுழற்சியோ என்பது வெறுஞ் சொற்பூசலன்று. சுழற்சியே காரணமெனின், திரவம் விரைந்து உலர்ந்தால் இழை பருத்தே நின்றுவிடும். கரைசலிற் சிறிது உப்புச் சேர்த்து மின்னூட்டத்தை மிகுவித்தால் பெரும்பாலும் நுண்ணிதாகும். நூற்போர் கைக்கொள்வதும் இதனையே.

காரணம் விளங்குமுன்னரே இத்தொழில் நடைபெற்று வந்தது. கூலி என்பார் 1902-இலும், ஃபார்ம்ஹால்ஸ் என்பார் 1934-இலும் அமெரிக்காவில் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். மாஸ்கோவின் கார்ப்போவ் ஆராய்ச்சி நிலையத்தில் பெத்ரியானொவ் முதலியோர் 1938-இல் இவ்விழைகளால் நுண்தூசியைத் தடுக்கும் வடிதுணி செய்தனர். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் ஆங்குத் துப்புரவுப் பணி செய்தோர் அணிந்த, 'இதழ்' எனப் பொருள்படும் லெபெஸ்தோக் முகமூடி அத்துணியால் ஆயதே. மூச்சுக்கு வழிவிட்டுத் தூசிக்கு வழிவிடாமை இழையின் நுண்மையால் வந்த சிறப்பு. உடலின் உயிரணுக்கள் பற்றி வளர்தற்கேற்ற வலையாகவும் இதனை ஆராய்ந்து வருகின்றனர்.

குறையும் ஒன்றுண்டு. ஓர் ஊசி ஒரு மணி நேரத்தில் ஒரு கிராம் நூற்பதும் அரிது. இதற்குச் செக் நாட்டு லிபெரெட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி கண்டனர். ஊசியையே நீக்கிவிட்டு, கரைசலில் பாதி தோய்ந்து சுழலும் உருளையை வைத்தனர். மின்னூட்டிய அளவில் உருளையின் மேற்புறத்தே கூம்புகள் பல தாமே எழுந்து, ஒவ்வொன்றும் தன் இழையை விடுகின்றது. எங்கெங்கு எழவேண்டும் என்று ஒருவரும் அவற்றிற்கு இடம் வகுப்பதில்லை. மின்விசையும் பரப்பு இழுவிசையும் தம்முள் பொருது அவ்விடைவெளியை அமைத்துக்கொள்கின்றன.