கணக்கில் வராத குழந்தைகள்

 

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் தம் நான்கு வயது மகனுடன் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தாய் பண உதவி எதுவும் கேட்கவில்லை. "நான் சரியா வளர்க்காததாலதான் புள்ள இப்படி ஆயிட்டான்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க மாமா. அது உண்மையா?" என்றுதான் கேட்டார்.

இதே கேள்வியோடு வாழ்ந்த ஒரு மருத்துவரின் ஆய்வை இந்த இதழில் அறிந்துகொள்வோம்.

தாயும் மருத்துவருமாக

லோர்னா விங் (1928–2014) இங்கிலாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர். 1956இல் அவருக்குச் சூசி என்ற மகள் பிறந்தாள். சூசி கைக்குழந்தையாக இருந்தபோது இருவரும் ரயிலில் சென்றார்கள். எதிரே இன்னொரு தாய், ஏறக்குறைய அதே வயதுக் குழந்தையுடன் இருந்தார். அக்குழந்தை ஜன்னலுக்கு வெளியே கைநீட்டிக் காட்டியது. 'நீயும் பார்த்தாயா' என்பதுபோல் தாயின் முகத்தைப் பார்த்தது. தம் மகள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை என்பது விங்குக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னர் சூசிக்கு ஆட்டிசம் என்பது உறுதியானது.

ஆட்டிசத்தை 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து விவரித்திருந்தார். அதன்பின் சில பத்தாண்டுகள், பாசம் காட்டாத தாய்மார்களால்தான் இது வருகிறது என்று பெரிய நிபுணர்களே எழுதினார்கள். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்மார்' என்று பெயரும் வைத்தார்கள். விங் இதை ஏற்கவில்லை. 1962இல் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து பிரிட்டனில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான சங்கத்தை உருவாக்கினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அந்தப் பழியை வலுவாக அசைத்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்பு காரணமென்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு இது. மரபுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

தேடியபோது தெரிந்தவர்கள்

1970களில் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 15 வயதுக்குட்பட்டவர்களில், சிறப்பு உதவி தேவைப்பட்ட பிள்ளைகளையெல்லாம் தேடிப் பார்த்தார்கள். கானர் சொன்ன இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தியவர்கள் 10,000 பேருக்குச் சுமார் 5 பேர். ஆனால் மற்றவர்களோடு பழகுவதில் அதே வகைச் சிரமம் உடையவர்களையும் சேர்த்தால் சுமார் 21 பேர்! 1979இல் இந்த முடிவு வெளியானது.

இப்பிள்ளைகளிடம் மூன்று சிரமங்கள் சேர்ந்தே காணப்பட்டன: பிறரோடு பழகுதல், கருத்தைப் பரிமாறுதல், கற்பனையோடு விளையாடுதல். ஒரு பிள்ளை பேசாது. இன்னொன்று ஓயாமல் ஒரே விஷயத்தைப் பேசும். ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் துணை வேண்டும். மற்றொருவர் கல்லூரி வரை படிப்பார். வானவில்லின் நிறங்களைப் போல இது ஒன்றிலிருந்து ஒன்றாக விரியும் தொகுதி என்பதை விங் உலகுக்கு உணர்த்தினார். இன்று மருத்துவர்கள் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்று சொல்வது இதைத்தான்.

நமக்கான பாடம்

அந்தத் தாய் வந்துபோன பிறகு நம் அறக்கட்டளையின் உதவிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். இத்தகைய பிள்ளை ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அக்காவின் நிக்காஹ் தடைபடும் என்று அஞ்சி, விருந்தாளி வந்தால் பிள்ளையை உள்ளறையில் இருத்தும் வீடுகள் நம்மிடையே உண்டு. அப்படி மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய ஆண்டு.

எனவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது ஆகியவற்றைக் கண்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது கேட்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்' என்று காத்திருக்க வேண்டாம்.

2. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது. 'குணமாக்கித் தருகிறேன்' என்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யும் பயிற்சியும் சிறு வயதிலேயே தொடங்கினால் நல்ல பலன் தரும்.

3. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தான் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமையும் உண்டு. சான்றிதழும் அடையாள அட்டையும் பெறுவதில் வெட்கம் எதற்கு?

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதிலை எல்லா வீடுகளுக்கும் சொல்கிறோம்: "இல்லைம்மா, இது உங்கள் தவறு இல்லை." கணவரும் மாமியாரும் இதைத் தம் வாயால் சொன்னால் அந்தத் தாயின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

குழந்தை அல்லாஹ் தந்த அமானிதம். இத்தகைய பிள்ளைகள் உள்ள வீட்டார் நம் அலுவலகத்தில் விவரம் தாருங்கள். பெயர் வெளியே போகாது. சான்றிதழ் வாங்கவும் பயிற்சிக்கு அழைத்துச் செல்லவும் இன்ஷா அல்லாஹ் நாம் உடன் வருவோம்.