பட்டாவைப் பார்த்தீர்கள், மண்டலத்தைப் பார்த்தீர்களா?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரம் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். இந்தச் சர்வே எண் மாஸ்டர் பிளானில் எந்த மண்டலத்தில் வருகிறது? பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா, தெரு எத்தனை அடி என்பதையெல்லாம் நம் ஆட்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். இதை மட்டும் கேட்க மாட்டார்கள். எனக்காகக் கேட்டிருக்க வேண்டியவர்களும் கேட்கவில்லை.

நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்ப்பவன். வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும் என்பது ஆசை. முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றைப் புரோக்கர் கொண்டுவந்தார். பி.எஃப். பணம் எடுத்தேன், மனைவியின் நகை பேங்குக்குப் போனது. உங்கள் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் ஒருவரிடம் பணம் கொடுத்துக் காகிதங்களைக் காட்டினேன். பட்டா சரி, புலப்படம் சரி, வில்லங்கச் சான்று சுத்தம். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கடாஸ்தர் எண்ணும் இப்போதைய ரீசர்வே எண்ணும் பத்திரத்தில் பொருந்தின. "பக்கத்துல நாலு வீடு எழும்பியாச்சு, உனக்கு மட்டும் என்னப்பா சந்தேகம்?" என்றார் மனைவியின் அண்ணன். அவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் செய்திருப்பார்கள்.

வீட்டு வரைபடம் அனுமதிக்குப் போய்த் திரும்பி வந்தது. காரணம் கேட்க டவுன் பிளானிங் அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கிருந்த அம்மா நில உபயோக வரைபடத்தை மேஜையில் விரித்து, ஸ்கேலை வைத்து, என் சர்வே எண்ணில் விரலை ஊன்றினார். ஓரத்தில் ஒரு மூலை மட்டும் மஞ்சள். மற்றதெல்லாம் ஊதா. மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா என்றால் தொழிற்சாலை. "ஒர்க்‌ஷாப் கட்டுறதுன்னா கேளுங்க சார், வீட்டுக்கு வராது. வாங்கறதுக்கு முன்னாடி வந்திருந்தா இதே மேப்பைத்தான் காட்டியிருப்போம்" என்றார். இன்ஜினியரைப் பிடித்துக் கேட்டால், "நான் பிளான் போடத்தானே ஒத்துக்கிட்டேன்" என்கிறார். காகிதத்தைச் சரிபார்க்கத் தனியாகப் பணம் வாங்கியவர் சொன்ன பதில் இது! புரோக்கர் அதன்பின் போனையே எடுக்கவில்லை.

டவுன் பிளானிங் என்றால் பிளானில் முத்திரை குத்தும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். முத்திரை கடைசி வேலை. 1969-ஆம் ஆண்டின் நகர மற்றும் கிராம அமைப்புச் சட்டப்படி, எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் கம்பெனி, எதில் பூங்கா என்று வகுப்பதே முதல் வேலை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது தெருவுக்கும் பூங்காவுக்கும் இடம் விடச் செய்வதும், 2012-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி வரைபடத்தைப் பார்ப்பதும் அதற்குப் பிறகு. வீட்டு வரி, குப்பை, வாய்க்கால் எல்லாம் உழவர்கரை நகராட்சியின் பொறுப்பு. அங்கே போய் மண்டலத்தைக் கேட்டு அலையாதீர்கள்.

இங்கிலாந்தில் திட்டமிடல் பிரிவு கவுன்சிலுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்க விண்ணப்பித்தால் நமக்குத் தகவல் வரும், பெரிய விண்ணப்பங்களைக் கவுன்சிலர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தபின், வார்டுக்கென்று போய்க் கேட்க ஆள் இல்லாமல் எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. அதனால்தான் மாஸ்டர் பிளான் வரைவு வந்தால் ஆட்சேபனைக் காலத்துக்குள் நாமே சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

ஊதா நிறத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பகலெல்லாம் கிரைண்டிங் தூசிக்குள் நிற்கிறவன் நான். கூலன்ட் ஆயிலின் வாடை சட்டையைத் துவைத்தாலும் போகாது. கனரக வாகன முனையத்துக்கு வரும் லாரிகளின் சத்தம் ராத்திரியிலும் ஓயாது. மச்சான் காட்டிய அந்த நாலு வீட்டில் ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் கட்டில்மேல் கறுப்பாகப் படிகிறது, கைக்குழந்தை உள்ள வீடு அது. அனுமதி இல்லாததால் அவர்களுக்கு வீட்டுக் கடனும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வீடு கூடாது என்று வரைபடம் சொல்வது நியாயமே. அதைத் தெரிந்தே மறைத்தவர்கள் மேல்தான் என் கோபம்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வே எண்ணோடு ஜவகர் நகரில் உள்ள டவுன் பிளானிங் அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். எழுத்தில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனைப்பிரிவு அனுமதி நகலை வாங்கி, அதிலுள்ள தெருவும் பூங்காவும் தரையில் இருக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். மண்டலம் சரியில்லை என்றால் கிரயம் ரத்து, முன்பணம் வாபஸ் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்குச் சம்மதிக்காத புரோக்கரோடு அடுத்த பேச்சே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு நில உபயோக மாற்றம் என்று ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பித்து, அறிவிப்பு வந்து, ஆட்சேபனை கேட்டு, அரசு வரைக்கும் போகும் விவகாரம் அது. "உள்ளே ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்" என்று வந்த ஒருவரை வாசலோடு அனுப்பினேன். அந்த மனையை இரும்பு கேட் செய்யும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்குப் பட்டறை போட ஏற்ற இடம். விலையில் எனக்குப் பெரிய அடி, பத்திரச் செலவும் போயிற்று. அவசரப்பட்டுவிட்டேன் என்று மச்சான் இன்றும் உறவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாடகையும் கடன் தவணையும் ஒன்றாகக் கட்டியது நான், அவரில்லை. குரும்பாபேட் பக்கம் அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சின்னதாக ஒரு மனை வாங்கி, நாலு பக்கமும் விதிப்படி இடம் விட்டுக் கட்டியிருக்கிறேன். காத்திருக்க வசதி உள்ளவர்கள் நில உபயோக மாற்றத்துக்கு மனுப் போடட்டும். என்னைப்போல மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள், பட்டறைக்காரர் நல்ல விலை கேட்டால் விற்றுவிட்டு வெளியே வாருங்கள்.