தூண்டில் சரக்கு: ஆற்றுக்கா, கடலுக்கா?

நன்னிலத்திலிருந்து நாகூர், காரைக்கால் கடற்கரைகள் தொலைவில் இல்லை. மளிகையோடு தூண்டில் சாமானும் விற்கும் வணிகர்கள், முள் கேட்டு வருபவரிடம் முதலில் "ஆற்றுக்கா, கடலுக்கா?" என்று கேட்க வேண்டும்.

முள்: சாதாரண இரும்பு முள் உப்புநீரில் விரைவில் துருப்பிடிக்கும். கடலுக்கு வெள்ளீயம் பூசிய முள் அல்லது எவர்சில்வர் முள் கொடுங்கள். கொள்முதலின்போது எண்ணைக் கவனியுங்கள். 10ஆம் எண் முள் 5ஆம் எண்ணைவிடச் சிறியது. 1ஆம் எண்ணைத் தாண்டி 1/0, 2/0, 3/0 என்று போகப் போகத்தான் முள் பெரிதாகும். பெரிய முள் வேண்டுமென்று 10ஆம் எண்ணை வரவழைத்தால் முதல் முடங்கும்.

நரம்பு: சிறு மீனுக்கு 0.30 மி.மீ. போதும். கடற்கரையிலிருந்து வீச 0.40 முதல் 0.50 வரை நல்லது. நைலான் நரம்பை வெயில் கெடுக்கும்; கடைவாசலில் தொங்கவிடாதீர்கள். பழைய இருப்பை இழுத்துப் பார்த்தே விற்கவும்.

ஈயக்குண்டு: அலையடிக்கும் கரையில் நரம்பின் நுனியில் ஈயத்தையும், அதற்குமேல் கிளை நரம்பில் முள்ளையும் கட்டினால் முள் தரையில் அதிகம் சிக்காது. ஈயம் நஞ்சு என்பதை மறக்க வேண்டாம். அரிசி, பருப்பு, மிட்டாய் அருகில் வைக்காதீர்கள். மளிகைத் தராசில் நிறுக்காதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த பொட்டலம் மடியுங்கள்.

இவை சில ரூபாய்ச் சரக்குதான். ஆனால் கரைக்கு வந்த மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போனால், வாடிக்கையாளர் நம் கடையைத்தான் சொல்வார்.