மழைநீரைக் கழுவும் தளம்

அன்புள்ள மகளுக்கு,

பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவு எடுத்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். மிகவும் மகிழ்ச்சி. 'தண்ணீரை உறிஞ்சும் கான்கிரீட்டைப் போட்டால் 2023 டிசம்பர் வெள்ளம் போல இனி வராதா, பெரியப்பா?' என்று கேட்டிருந்தாய். அது வெள்ளத்தைத் தடுத்துவிடாது. ஆனால் அதைவிடக் குறைவாகப் பேசப்படும் வேறொரு வேலையை நன்றாகச் செய்யும்: தெருவில் ஓடும் மழைநீரின் அழுக்கைப் பிடித்து வைக்கும்.

கோடை முழுவதும் சாலையில் டயர்த் தூளும், பிரேக் தேயும்போது உதிரும் செம்புத் துகளும், ஒழுகிய எண்ணெயும் படிந்து கிடக்கின்றன. முதல் மழை அத்தனையையும் வழித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மழைநீரிலேயே மிக அழுக்கானது முதல் அரைமணி நேரத்தில் ஓடும் நீர். உங்கள் ஊரான ஆதிச்சநல்லூர்ப் பக்கம் அது ஆற்றை நோக்கிப் போகிறது. கீழே ஸ்ரீவைகுண்டம் அணையில் வடகாலாகவும் தென்காலாகவும் பிரிந்து வயலுக்கும் குளத்துக்கும் போவதும் அதே ஆற்று நீர்தான். தூத்துக்குடி நகரத்திலோ பக்கிள் ஓடை வழியாக நேரே கடலுக்கு. அந்தக் கடலில்தான் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் இருக்கின்றன. முத்துச்சிப்பி, கடல்நீரைத் தன் செவுளால் சலித்துத்தான் இரை தேடுகிறது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்குக் காரணம் பல. ஆனாலும் சலித்து உண்ணும் உயிர் வாழும் நீரில் தெருச் சகதியைக் கலப்பது தவறு.

இனி அந்தக் கான்கிரீட்டுக்கு வருவோம். கலவையில் மணல் இராது. இருந்தாலும் மிகக் கொஞ்சம். ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் ஜல்லி, சிமெண்ட், அளவான தண்ணீர், அவ்வளவுதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் பாகு கடலைகளை ஒட்டிப் பிடித்தும் இடையிடையே சந்து இருக்கிறதே, அதே அமைப்பு. மொத்தக் கன அளவில் 15 முதல் 25 விழுக்காடு வெற்றிடம். கலவை சரியா என்று கையாலேயே பார்க்கலாம். ஒரு பிடி எடுத்து உருட்டு. உருண்டை நின்று, ஜல்லி மினுமினுத்தால் சரி. உதிர்ந்தால் தண்ணீர் போதாது. சிமெண்ட் பால் விரலிடுக்கில் வழிந்தால் தண்ணீர் அதிகம். அது கீழே இறங்கி அடிச்சந்தை அடைத்துவிடும். இதனால்தான் இதில் வைப்ரேட்டர் போடுவதில்லை. உருளையால் உருட்டி இறுக்குகிறார்கள். மேலே பளபளப்புக்காகச் சிமெண்ட் பால் பூச எந்தக் கொத்தனாரையும் விடாதே. பூசிய அன்றே அது சாதாரணத் தளமாகிவிடும்.

நீர் இறங்கும்போது மணலும் டயர்த் தூளும் மேல் சந்துகளில் தங்கும். சிமெண்டின் காரத்தன்மையால் செம்பும் துத்தநாகமும் நீரிலிருந்து பிரிந்து படியும். தளத்துக்கு அடியில் விரிக்கும் ஜல்லிப் படுகையில் வளரும் நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும். டயர்த் தூளைப் பிடிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் செத்து மிதந்ததற்கு டயர் ரப்பரிலிருந்து உண்டாகும் ஒரு வேதிப்பொருளே காரணம் என்று 2020-இல் கண்டார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய தளங்களைச் சோதித்தபோது டயர்த் துகளில் 96 விழுக்காட்டுக்கு மேல் தளத்திலேயே நின்றது. அந்த வேதிப்பொருள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தது.

கணக்கும் தெரிந்துகொள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 30 சென்டிமீட்டர் ஆழ ஜல்லிப் படுகையில் நாற்பது விழுக்காடு வெற்றிடம் இருந்தால் 120 மில்லிமீட்டர் மழை அடங்கும். 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் பெய்தது. அதற்கு ஏரியும் குளமும் கரையும்தான் வேண்டும். ஆனால் ஆண்டில் பெய்யும் பெரும்பாலான மழைக்கு இந்தத் தளம் போதும்.

எங்கே போடக்கூடாது என்பதும் படிப்புதான். லாரிகள் நிற்கும் யார்டு, பெட்ரோல் பங்க், ரசாயனக் கிடங்கு ஆகிய இடங்களில் வேண்டாம். நைட்ரேட்டையும் உப்பையும் இது பிடிக்காது; அவை நிலத்தடி நீருக்குப் போய்விடும். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்திலும் பயனில்லை. உங்கள் ஊரில் பழங்காலப் புதைமேடான பரம்பில் கைவைக்கவே கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் சட்டப்படி தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி வேண்டும். படுகைக்காக ஒரு முழம் தோண்டினாலும் முதுமக்கள் தாழி உடையலாம். அந்தச் சரளை மண்ணே மழையைக் குடிக்கும். அதைச் சிமெண்டால் மூடாதிருப்பதே அங்கே செய்யவேண்டிய வேலை.

பொருத்தமான இடங்கள் பள்ளி வளாகம், நடைபாதை, கார் நிறுத்துமிடம், சிறு தெரு. நம் மாவட்டத்தில் இதற்குப் பெரிய எதிரி, தேரி என்னும் செம்மணல் மேடுகளின் மணல். காற்றில் வந்து படிந்து சந்துகளை அடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்ய ஆளும் பணமும் ஒதுக்காமல் இதைப் போடுவது பணத்தை வீணாக்குவதே.

நீ பட்டயம் வாங்கி வேலைக்குப் போனதும் உன் மேசைக்கு வரும் முதல் மதிப்பீட்டில், தளத்தின் விலைக்குக் கீழே பராமரிப்புக்கும் ஒரு வரி எழுது. அதை அடிக்க யாரையும் விடாதே.

அன்புடன்,
உன் பெரியப்பா